பேரிங் திருடின ட்ரிக்கர்

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் என் சீட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னான். மூஞ்சி தொங்கிப் போயிருந்தது. "அண்ணா, ட்ரிக்கருக்குள்ள பிரின்ட் போட்டிருக்கேன். ஓடுதா இல்லையான்னே தெரியல. ஒண்ணுமே வர மாட்டேங்குது" என்றான். அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு.

டெக்னிக்கல் பதிவுன்னு பயந்து ஓடிடாதீங்க மக்களே. பாதிதான் டெக்னிக்கல், மீதி என்னோட புலம்பல். பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லப் பாக்கறேன்.

2007-ஆம் வருஷம். கோயமுத்தூர்ல ஒரு சின்ன கம்பெனியில இருந்தேன். மொத்தமே எட்டு பேர். ஊருக்கு வெளியில இருந்த ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு ஸ்டோர்ஸ் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தோம். ஸ்டோர்ஸ்னா பஞ்சு, நூல் எல்லாம் இல்லை. மெஷினுக்கு வேண்டிய சாமான்கள். பேரிங், பெல்ட், ஸ்பிண்டில் டேப், ரிங் டிராவலர், காட்ஸ், ஏப்ரன், கிரீஸ்னு ரெண்டாயிரத்துக்கு மேல ஐட்டம் இருக்கும். ஃபிட்டர் ஒரு சீட்டு எழுதிக்கிட்டு வருவாரு, அதுக்குப் பேரு இன்டென்ட். ஸ்டோர் கீப்பர் சாமானை எடுத்துக் கொடுத்துட்டு கம்ப்யூட்டர்ல எண்ட்ரி போடுவாரு. இருப்பு தானா குறையும்.

அந்தத் "தானா"ங்கற இடத்துலதான் இருக்கு சங்கதி. இருப்பைக் குறைக்கற வேலையை ஒரு ட்ரிக்கர் கிட்ட கொடுத்திருந்தேன். ஸ்டோர்டு ப்ரொசீஜர்னா டேட்டாபேஸுக்குள்ளயே எழுதி வச்சிருக்கற குட்டி ப்ரோக்ராம், கூப்பிட்டா வந்து வேலை செய்யும். ட்ரிக்கரை யாரும் கூப்பிட வேண்டாம். டேபிள்ல ஒரு வரி நுழைஞ்சாலோ மாறினாலோ அழிஞ்சாலோ அது பாட்டுக்குக் கிளம்பிடும். ஸ்கிரீன் எழுதறவனுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. நான் அதை 2005-ல எழுதினப்ப ஸ்டைலா இருக்குன்னு ரொம்பப் பெருமையா இருந்தது. ஹி ஹி.

மார்ச் 31, கணக்கு முடிக்கற நாள். மில்லுல ஒவ்வொரு வருஷமும் சாமானை எல்லாம் எண்ணிப் பாப்பாங்க. அந்த வருஷம் எண்ணினா கம்ப்யூட்டர்ல இருக்கற இருப்புக்கும் ரேக்குல இருக்கற இருப்புக்கும் ரூ.3.5 லட்சத்துக்கு மேல வித்தியாசம். கம்ப்யூட்டர்ல அதிகம், ரேக்குல கம்மி. கம்மின்னா என்ன அர்த்தம்? யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு அர்த்தம். ஸ்டோர்ஸ் சாவி ஒரே ஒருத்தர் கிட்டதான் இருந்தது.

அவரை நாங்க எல்லாரும் அண்ணான்னுதான் கூப்பிடுவோம். எங்க அப்பா வயசு இருக்கும். மாசம் 7,000 ரூபாய் சம்பளம், ரிட்டயர் ஆக ஒரு வருஷம் கூட இல்லை. அன்னிக்கு மேனேஜர் ரூம்ல அவரையும் உட்கார வச்சு, என்னையும் கூப்பிட்டு வச்சு விசாரிச்சாங்க. "சாஃப்ட்வேர்ல ஏதாச்சும் தப்பு இருக்க சான்ஸ் இருக்குங்களா?" அப்படின்னு மேனேஜர் என்னைத்தான் முதல்ல கேட்டாரு. நான் யோசிக்கவே இல்லை. "இல்லீங்க சார். ரெண்டு வருஷமா ஓடிட்டிருக்கு. சிஸ்டம் தப்பு பண்ணாது. எண்ட்ரி போடாம சாமான் குடுத்திருப்பாங்க" அப்படின்னு சொல்லிட்டேன்.

அண்ணா என்னைத் திரும்பிப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லலை. அக்கவுண்ட்ஸ்ல இருந்து ஒருத்தர், "கிராஜுவிட்டியில பிடிச்சுக்கலாமுங்க சார்" அப்படின்னாரு. விசாரணை முடியற வரைக்கும் வீட்ல இருக்கச் சொல்லி அனுப்பிட்டாங்க.

சும்மா ஒப்புக்குத்தான் மறுநாள் ஆபீஸ்ல செக் பண்ண உட்கார்ந்தேன். ப்ரொசீஜரைத் தனியா ஓட்டினேன். ஒரு பேரிங், எண்ணிக்கை ரெண்டு. இருப்புல ரெண்டு குறைஞ்சது. ஒரு பெல்ட், எண்ணிக்கை ஒண்ணு. ஒண்ணு குறைஞ்சது. இப்படிப் பத்து இருபது தடவை. எல்லாமே சரி. நல்லா கவனிங்க, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஐட்டம். நாலு ஐட்டம் டைப் பண்ணி டெஸ்ட் பண்ணச் சோம்பேறித்தனம், வேற என்ன.

எங்ககிட்ட இருந்தது எஸ்.க்யூ.எல். சர்வர் 2000. அதோட க்வெரி அனலைசர்ல ப்ரொசீஜரை வரி வரியா ஓட்டிப் பாக்க டீபக்கர் உண்டு. ட்ரிக்கரை நேரா அப்படி ஓட்ட முடியாது. அதைக் கிளப்பி விடற ப்ரொசீஜரை ஓட்டி, இன்சர்ட் வரி வர்றப்ப உள்ள நுழையணும். (2005 பதிப்போட வந்த மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவுல இந்த வசதியைக் காணோம். 2008-ல திரும்ப வந்தது. 2019-ல வந்த 18-ஆம் பதிப்புல மறுபடியும் எடுத்துட்டாங்க. இந்தக் கண்ணாமூச்சி பழகிப் போச்சு.) நுழைஞ்சு பாத்தேன். ஒரு ஐட்டத்துக்கு எல்லா வரியும் அழகா ஓடினது.

தம்பி கேட்ட பிரின்ட் சமாச்சாரத்துக்கும் இங்கயே பதில் சொல்லிடறேன். ட்ரிக்கர்ல போட்ட பிரின்ட் காணாமப் போகறதில்லை. அது ஒரு செய்தியா க்ளையன்ட் ப்ரோக்ராமுக்குப் போகுது, ப்ரோக்ராம் அதைக் கண்டுக்கறதில்லை, அவ்வளவுதான். க்வெரி ஜன்னல்ல ஓட்டினாலும் பிரின்ட் உடனே வராது, சேர்த்து வச்சுத்தான் வரும். அப்பப்ப தெரியணும்னா ரெய்ஸ்எரர்ல கடுமை பூஜ்யம்னு போட்டு, கூட நோவெய்ட் சேர்க்கணும். பேரு எரர்னாலும் கடுமை பூஜ்யம்னா அது வெறும் செய்திதான், ஓட்டம் நிக்காது. இன்னொரு பொறி இருக்கு. ட்ரிக்கருக்குள்ள ஒரு லாக் டேபிள்ல எழுதி வச்சா, வேலை பாதியில ரோல்பேக் ஆகறப்ப அந்த லாக் வரியும் சேர்ந்து அழிஞ்சுடும். எந்தத் தப்பைப் பிடிக்க லாக் போட்டோமோ அந்தத் தப்பு நடக்கறப்ப மட்டும் லாக் இருக்காது. அவ்வ்வ். இதுக்கு டேபிள் வேரியபிள் உதவும். டெம்ப் டேபிள் மாதிரி இல்லாம அது ரோல்பேக்குக்குக் கட்டுப்படாது. ஆனா அதுக்கு ஆயுசு கம்மி, ட்ரிக்கர் முடிஞ்சா அதுவும் போயிடும். ரோல்பேக் ஆனதும் அங்கயே அதுல இருந்து லாக் டேபிளுக்கு எடுத்து எழுதிடணும்.

சரி, கதைக்கு வருவோம். சிஸ்டம் சரி, ஆளுதான் தப்புன்னு எனக்கு நிச்சயமாயிடுச்சு. அதை நிரூபிக்க ஒரு ஏற்பாடு பண்ணினேன். இன்டென்ட் தலைப்பு டேபிள் மேல இன்னொரு ட்ரிக்கர். யாரு, எந்த மெஷின்ல இருந்து, எத்தனை மணிக்கு எண்ட்ரி போடறாங்கன்னு தனி டேபிள்ல எழுதி வைக்கும். அன்னிக்கு சாயங்காலமே மில்லுல ஏத்திட்டு வந்தேன். துப்பறியும் சாம்பு ரேஞ்சுக்கு ஒரு நினைப்பு.

மறுநாள் காலையில பத்து மணிக்கு மில்லுல இருந்து போன். தற்காலிகமா ஸ்டோர்ஸ் பாத்துக்கிட்டிருந்த பையன். "சார், இன்டென்ட் போட்டா பிரின்ட்ல சாமானே வரலைங்க. வெறும் தலைப்புதான் வருது." போய்ப் பாத்தா, அன்னிக்குப் போட்ட சாமான் எல்லாம் 2005-ல போட்ட முதல் இன்டென்ட்டுகளோட போய் ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு! ரெண்டு வருஷம் முந்தி கிரீஸ் வாங்கின ஃபிட்டர் பேர்ல புதுசா எட்டு பேரிங்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. தலைப்பை எழுதினதும் அதுக்குக் கிடைச்ச நம்பரை @@ஐடென்டிட்டி வச்சு எடுத்து, அதே நம்பர்ல சாமான் வரிகளை எழுதறது என் ப்ரொசீஜர். அந்த @@ஐடென்டிட்டி என்ன பண்ணும்னா, அந்தக் கனெக்‌ஷன்ல கடைசியா எந்த டேபிள்ல நம்பர் பிறந்ததோ அதைக் கொடுக்கும். நடுவுல என் துப்பறியும் ட்ரிக்கர் லாக் டேபிள்ல ஒரு வரி எழுதினதால லாக் நம்பர் வந்துடுச்சு. லாக் டேபிள் 1-ல இருந்து ஆரம்பிச்சது. 1, 2, 3-ன்னு பழைய இன்டென்ட்டுகள் நெசமாவே இருந்ததால ஃபாரின் கீயும் கேள்வி கேக்காம உள்ள விட்டுடுச்சு. ஸ்கோப் ஐடென்டிட்டின்னு ஒண்ணு அதே 2000 பதிப்புலயே இருக்கு. அது நம்ம ப்ரொசீஜருக்குள்ள பிறந்த நம்பரை மட்டும் பாக்கும். மாத்தினேன். பிழை தேடப் போட்ட கோடு புதுசா ஒரு பிழையைப் பெத்துடுச்சு.

இந்த இடத்துலயாவது எனக்கு உறைச்சிருக்கணும். "சிஸ்டம் தப்பு பண்ணாது"ன்னு சொல்லி மூணு நாள் கூட ஆகலை.

அதுக்கு அடுத்த நாள் அண்ணா எங்க ஆபீஸுக்கே வந்துட்டாரு. ரெண்டு பஸ் மாறி. கையில ஒரு மஞ்சப்பை. உள்ள கட்டு கட்டா பின் கார்டு. பின் கார்டுன்னா, ஒவ்வொரு ரேக்குலயும் ஒரு சாமானுக்கு ஒரு அட்டை தொங்கும். தேதி, வந்தது, போனது, மீதி. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வந்தப்ப "இனிமே கார்டு எழுத வேண்டாம்"னு மில்லுக்கு எழுதிக் கொடுத்ததே நாங்கதான். அவர் நிறுத்தலை. புது அட்டை அடிக்க மாட்டேன்னுட்டாங்கன்னு பழைய அட்டையோட பின்பக்கத்துல எழுதியிருக்காரு.

"தம்பி, நான் உங்களை ஒண்ணும் சொல்லலீங்க. இதைக் கொஞ்சம் வச்சுப் பாருங்க, போதும்" அப்படின்னாரு.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனா வயசானவரை நிக்க வைக்க முடியுமா? டீ வாங்கிக் கொடுத்து உட்கார வச்சேன். நான் ஸ்கிரீன்ல ஐட்டம் ஐட்டமா இருப்பு சொல்ல, அவர் கார்டைப் பாத்து சொல்வாரு. 6205 பேரிங், எனக்கு 46, அவருக்கு 14. ஸ்பிண்டில் டேப், எனக்கு 610, அவருக்கு 260. எண்ணிப் பாத்த கணக்கு அவர் கார்டோடதான் ஒத்துப்போச்சு. "பெல்ட் தீர்ந்து போச்சுன்னு ரெண்டு தடவை பர்ச்சேஸ்ல சொன்னேனுங்க. கம்ப்யூட்டர்ல இருக்குது, போய்த் தேடுங்கன்னாங்க" அப்படின்னு நடுவுல ஒரு வார்த்தை சொன்னாரு, குறையாக் கூட சொல்லலை.

மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டிடுச்சு. இன்டென்ட் இன்டென்ட்டா பாத்துக்கிட்டு வர்றோம். திடீர்னு பென்சிலைக் கீழ வச்சாரு.

"தம்பி, ஒரு சீட்டுல ஒரே சாமான் இருந்தா உங்களுது சரியாத்தானுங்க கழிக்குது. நாலு சாமான் இருந்தா ஒண்ணுதான் கழியுது. மத்த மூணும் அப்படியே நிக்குதுங்க."

வயித்துல புளியைக் கரைச்சுது. அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சு போச்சு.

பொட்டி தட்டாதவங்களுக்கு இப்படிச் சொல்றேன். கல்யாண வீட்டுல ஒரு பந்திக்கு அம்பது இலை. எஸ்.க்யூ.எல். சர்வர்ல ட்ரிக்கருங்கற பரிமாறற ஆளு, இலைக்கு ஒரு தடவை வர மாட்டாரு. பந்திக்கு ஒரு தடவைதான் வருவாரு. வர்றப்ப அம்பது இலையையும் அவர் பாத்துப் பரிமாறணும். இன்சர்ட் கட்டளை ஒண்ணு ஓடினா ட்ரிக்கர் ஒரு தடவை. புதுசா நுழைஞ்ச வரி எல்லாம் "இன்சர்டட்"ங்கற பேர்ல ஒரு டேபிளா கையில கிடைக்கும். ஒரு வரியும் நுழையலேன்னாக் கூட ஒரு தடவை ஓடும், காலிப் பந்திக்கும் வந்து எட்டிப் பாக்கற மாதிரி. ஆரக்கிள்ல ஒவ்வொரு வரிக்கும் ஓடற மாதிரியும் எழுதலாம். மைஎஸ்க்யூஎல்லுல வரிக்கு ஒரு தடவை மட்டும்தான். நான் எழுதினது என்னன்னா, இன்சர்டட்ல இருந்து ஐட்டத்தையும் எண்ணிக்கையையும் ரெண்டு வேரியபிள்ல எடுத்துக்கோ, அந்த ஐட்டத்தோட இருப்புல கழி. நாலு வரி இருந்தா? வேரியபிள்ல ஒண்ணுதான் நிக்கும். எந்த ஒண்ணுன்னு கூட உத்தரவாதம் கிடையாது. எரர் வராது, எச்சரிக்கை வராது. ஒரு இலைக்கு சாம்பார் ஊத்திட்டு ஆளு கிளம்பிடுவாரு.

அப்போ முதல் ஒண்ணரை வருஷம் எப்படி சரியா ஓடினது? பழைய ஸ்கிரீன் ஒவ்வொரு வரியாத்தான் இன்சர்ட் பண்ணும். இன்டென்ட் சேவ் ஆக நேரமாகுதுன்னு மில்லுல புகார் வந்ததால 2006 நவம்பர்ல நான்தான் மாத்தினேன். எல்லா வரியையும் ஒரு தற்காலிக டேபிள்ல சேத்து வச்சு, ஒரே இன்சர்ட்டுல உள்ள தள்ளற ப்ரொசீஜர். வேகம் பிரமாதமா கூடினது. "சூப்பருங்க தம்பி"ன்னு அன்னிக்குப் பாராட்டினது யாருன்னு நினைக்கறீங்க? இதே அண்ணாதான்.

எனக்கு இன்னிக்கும் உறுத்தறது வேற ஒண்ணு. சாமான் வரிகள் எல்லாமே டேபிள்ல இருந்தது. அவர் ஒரு எண்ட்ரி கூட விடலை. இருப்புக் கட்டம் மட்டும்தான் குறையலை. மொத்த வரவுல இருந்து மொத்தச் செலவைக் கழிச்சு, இருப்போட ஒத்துப் பாக்கற ஒரே ஒரு க்வெரியை முதல் நாளே ஓட்டியிருந்தா, அஞ்சு நிமிஷத்துல அவர் நிரபராதின்னு தெரிஞ்சிருக்கும். அஞ்சு நிமிஷம்! நான் அவருக்குப் பொறி வைக்க ட்ரிக்கர் எழுதிக்கிட்டிருந்தேன்.

அங்கயே அவர் முன்னாடியே திருத்தினேன். வேரியபிள் எல்லாம் தூக்கிட்டு, இருப்பு டேபிளையும் இன்சர்டட் டேபிளையும் சேத்து ஒரே அப்டேட். நாலு ஐட்டம் போட்டு ஓட்டினேன், நாலும் குறைஞ்சது. "பாத்தீங்களாண்ணா"ன்னு திரும்பினா, அவர் யோசிச்சுக்கிட்டே கேக்கறாரு: "ஒரே பேரிங்கை ரெண்டு மெஷினுக்கு ரெண்டு வரியா எழுதுவோமுங்களே, அது?"

போட்டுப் பாத்தேன். ஒரு வரிதான் கழிஞ்சது. இப்படிச் சேத்து அப்டேட் பண்றப்ப ஒரு ஐட்டத்துக்கு ரெண்டு வரி பொருந்தினா, ஒண்ணை மட்டும்தான் எடுத்துக்கும். மறுபடி அமைதியா, எரர் இல்லாம. முதல்ல ஐட்டம் வாரியா கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் கழிக்கணும். என் வாழ்க்கையில எனக்குக் கிடைச்ச பெஸ்ட் டெஸ்டர் அவர்தான்னு சொன்னா நம்புங்க.

"இதுக்கு என்னமோ பேரு சொன்னீங்களே, ட்ரிக்கருங்களா? துப்பாக்கியில இருக்கறதா?"

"ஆமாங்கண்ணா. அதே ட்ரிக்கர்தான்."

"அட" அப்படின்னு சிரிச்சுட்டு மஞ்சப்பையை மடிச்சாரு.

மொத்த இருப்பையும் வரவு செலவுல இருந்து திருப்பிக் கணக்குப் போட்டேன். ரெண்டாயிரத்துச் சொச்சம் ஐட்டத்துல ஒரு பாக்கெட் ஏப்ரன் மட்டும்தான் எண்ணின கணக்கோட இடிச்சது. அதுவும் அப்புறம் வேற ரேக்குல கிடைச்சுதாம்.

எங்க பாஸ் கிட்ட சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஃபேனையே பாத்துக்கிட்டிருந்துட்டு, "லெட்டர்ல டேட்டா கரெக்‌ஷன்னு மட்டும் எழுது. பக்னு எழுதாதே, பில்லை நிறுத்திடுவாங்க" அப்படின்னாரு. அப்படியேதான் டைப் பண்ணினேன். என்ன பண்றது, வீட்டு வாடகை இருக்கே. லெட்டரை எடுத்துக்கிட்டு நானே மில்லுக்குப் போனேன். மேனேஜர் படிச்சுட்டு கண்ணாடியைக் கழட்டினாரு.

"அப்ப அவர் எடுக்கலீங்களா?"

"இல்லீங்க சார். லெட்டர்ல இருக்கறது வேற. நான் எழுதின ப்ரோக்ராம்லதான் தப்பு."

"அன்னிக்கு அவ்வளவு உறுதியா சொன்னீங்களே தம்பி."

அவ்வளவுதான் கேட்டாரு. பில்லை நிறுத்தவும் இல்லை. பில்லை நிறுத்தியிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்குமோ என்னவோ.

அடுத்த வாரம் மில்லுக்குப் போனப்ப அண்ணா ஸ்டோர்ஸ்ல ஏணி மேல நின்னு கார்டுகளை ஒவ்வொண்ணா மறுபடி மாட்டிக்கிட்டிருந்தாரு. கீழ நின்னுக்கிட்டு, "அண்ணா, அன்னிக்கு மேனேஜர் ரூம்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க"ன்னு ஒரு வழியா சொல்லிட்டேன். அவர் என்னைப் பாக்காமலே, "அந்தக் கட்டை இப்படி எடுத்துக் குடுங்க தம்பி"ன்னாரு. எடுத்துக் கொடுத்தேன். நாலு அட்டை மாட்டின பிறகு, "கார்டு இனிமே எழுத வேண்டாமுங்களா?"ன்னு கேட்டாரு.

"எழுதுங்கண்ணா. நானே மேனேஜர் கிட்ட சொல்றேன்."

"அப்ப புதுசா ஒரு ஐந்நூறு அட்டை அடிக்கச் சொல்லுங்க. பின்பக்கமும் தீர்ந்து போச்சு."